நடுமடைப் பக்கம் கரை கசிகிறது. இந்த நிலையில் கலுங்கை 1 அடி உயர்த்தலாமா?

கீழமடை எழுதியது:

சிவகங்கை மாவட்டத்தில் எங்களுடையது சின்னக் கண்மாய். பாசனம் பெறும் ஆயக்கட்டு 80 ஏக்கர்தான், அதனால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. கரை முழுக்க மண்கரை, ஆழமான இடத்தில் 12 அடி உயரம். வயலுக்குத் தண்ணீர் திறக்க 3 மடை, நிறைந்த தண்ணீர் வழிந்து போக வடகோடியில் கலுங்கு. பல வருடத்துக்கு அப்புறம் இந்த ஐப்பசியிலேயே கண்மாய் நிறைந்துவிட்டது. ஊரே சந்தோஷத்தில் இருக்கிறது.

இரண்டு விஷயம். நடுமடைக்குக் கொஞ்சம் தள்ளி, கரையின் வெளிப்பக்கம் அடியில், போன வாரம் வரை வெறும் ஈரமாக இருந்த இடத்தில் இப்போது விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஓடுகிறது. பெரியவர்கள் "எல்லாக் கரையும் கசியத்தான் செய்யும், களிமண்ணைப் போட்டு மிதித்துவிடு" என்கிறார்கள்.

அடுத்தது கலுங்கு. கலுங்கின் மேல் 1 அடிக்கு சிமெண்ட் போட்டு உயர்த்திவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு. நீர்ப்பரப்பு 60 ஏக்கர். 1 அடி கூடினால் 60 ஏக்கர் அடி தண்ணீர், நெல்லுக்கு ஏக்கருக்கு 4 அடி என்று வைத்தாலும் 15 ஏக்கர் கூடுதலாக விளையும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் மனதுக்கு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரைத்தெரு எழுதியது:

முதலில் ஒன்றியத்துக்கு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். எங்கள் பக்கம் எல்லா ஏரியும் இப்படித்தான் கேட்பாரில்லாமல் ஆனது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டிலேயே ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருக்கிறது, வருடத்துக்கு ஒரு முறை குடவோலையில் ஆள் எடுத்தார்கள். 1,100 வருடத்துக்கு முன்னால் ஏரிக்கென்று பொறுப்பான ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கு யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை.

மோட்டார்கொட்டகை எழுதியது:

கல்வெட்டை அப்புறம் படிக்கலாம் அண்ணே. அவர் கரை கசிகிறது என்கிறார்.

ஓவர்சியர்68 எழுதியது:

தம்பி, கலுங்குப் பேச்சை ஒரு பக்கம் வையுங்கள். கசிவுதான் முதலில்.

மண்கரை கசியும் என்பது உண்மைதான். முழுக்கக் கசியாத மண்கரை கிடையாது. நிறைந்த கண்மாயில் தண்ணீர் கரைக்குள்ளே சரிவாக இறங்கி வெளி அடியில் தலைகாட்டும். அது பரவலான ஈரமாக, கோரை முளைத்துக் கிடந்தால் பயமில்லை. ஓர் இடத்தில் துளை மாதிரிக் கூடி ஓடினால் கவனிக்க வேண்டும். அதுவும் மடைக்குப் பக்கத்தில் என்றால் இரட்டைக் கவனம்.

ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஆடாமல் 1 மணி நேரம் வையுங்கள். அடியில் மண் தங்கினால், கரை உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் வெளி முனையில் மண் கரைந்து ஒரு பொந்து விழும். அந்தப் பொந்து தண்ணீரை நோக்கிப் பின்னாலேயே நீண்டு போகும். கண்மாய்ப் பக்கம் தொட்ட பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, சில மணி நேரத்தில் கரை போய்விடும்.

தெளிவாக இருந்தால் அளந்து பாருங்கள். ஒரு குடம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று காலையும் மாலையும் எழுதுங்கள், பக்கத்திலேயே கண்மாய் மட்டத்தையும் குறியுங்கள். மட்டம் இறங்கும்போது கசிவும் இறங்கினால் கரை நின்றுகொள்ளும். மட்டம் அப்படியே இருக்கக் கசிவு மட்டும் ஏறினால், கரை மேல் ராக்காவல் போட வேண்டும்.

களிமண் போட்டு மிதிப்பதை மட்டும் செய்யாதீர்கள். வெளி வாயை அடைத்தால் தண்ணீர் நிற்காது, உள்ளே முட்டி வேறு வழி தேடும். தண்ணீரை வெளியே விட வேண்டும், மண்ணை மட்டும் உள்ளே நிறுத்த வேண்டும். கசியும் இடத்தின் மேல் ஆற்று மணல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் கல். மண்ணும் சேர்ந்து குமிழியிட்டுக் கொப்பளித்தால் சுற்றிலும் மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே இடுப்பளவு தண்ணீர் தேங்க விடுங்கள். வெளியேயும் கொஞ்சம் தண்ணீர் நின்று எதிர்த்தால் உள்ளேயிருந்து வரும் வேகம் குறையும். கண்மாய்ப் பக்கம் எங்காவது சுழி தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அடைக்க வேண்டிய இடம் அதுதான்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

ஐயா சொன்னதில் ராக்காவலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 எங்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் வரிசையாக உடைந்தன. மேல்குளம் உடைந்தால் அதன் தண்ணீர், உபரி வழியும் மறுகால் வழியாக நிதானமாக வராது, ஒரே மூச்சில் கீழ்க்குளத்தில் விழும். கீழ்க்குளத்துக் கரை நல்ல கரையாகவே இருந்தாலும் அதைத் தாங்காது.

உங்கள் கண்மாய்க்கு மேலே எத்தனை கண்மாய் இருக்கிறது? அந்தக் கரைகள் எப்படி இருக்கின்றன என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா?

கலுங்கை உயர்த்துவதற்கு என் பதில்: வேண்டாம். எங்கள் ஊரில் மறுகாலை அடைத்து வீடு கட்டினார்கள், மீன் குத்தகைக்காரர் வலை கட்டி மறித்தார், அப்புறம் வந்ததை எல்லாரும் பார்த்தோம்.

கீழமடை எழுதியது:

மேலே 2 கண்மாய் அக்கா. ஒன்று பெரியது. அதன் உபரி எங்களுக்கு, எங்கள் உபரி கீழே உள்ள ஊருக்கு. போய்ப் பார்க்கவில்லை.

பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் சொல்கிறேன்.

மோட்டார்கொட்டகை எழுதியது:

எல்லாரும் பயமுறுத்தியாச்சு. நான் வேறு ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

இன்றைக்கு மடைத் தண்ணீரை நம்பி யார் நெல் போடுகிறார்கள்? எங்கள் ஊரில் 3 மடையையும் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டோம். கண்மாய்த் தண்ணீர் கண்மாயிலேயே நிற்கும், கிணற்றில் ஊறும். சித்திரை வரைக்கும் மோட்டார் ஓடுகிறது. மடைக்காக அடிதடி இல்லை, வாய்க்கால் மராமத்து இல்லை. கசிவு, கசிவு என்கிறீர்களே, அந்தக் கசிவுதான் என் கிணற்றுத் தண்ணீர்! கண்மாயை ஊருணி மாதிரி வைத்துக்கொண்டு மடையை மறந்துவிடுங்கள். உள்ளே தோண்ட முடிந்த அளவு தோண்டி ஆழப்படுத்துங்கள்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

உங்கள் ஊரில் கிணறு இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்?

மோட்டார்கொட்டகை எழுதியது:

கிணறு உள்ளவரிடம் தண்ணீர் வாங்குகிறார்கள்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

அதாவது ஊர்ப் பொதுத் தண்ணீரை உங்களிடம் விலைக்கு வாங்குகிறார்கள். மின்சாரமும் உங்களுக்கு இலவசம். சரி.

மோட்டார்கொட்டகை எழுதியது:

கிணறு வெட்டக் கடன் வாங்கியது நான்தான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர்:

இரண்டு பேரும் ஆள் மீது பேசாமல் விஷயத்தில் நில்லுங்கள். இழை நன்றாகப் போகிறது.

ஓவர்சியர்68 எழுதியது:

மோட்டார்கொட்டகை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் ஆயக்கட்டுக் கிணறு ஊறும், அதை யாரும் மறுக்க முடியாது. மழை குறைந்த வருடத்தில் அரைகுறைத் தண்ணீரை வாய்க்காலில் விட்டு வீணாக்குவதைவிடக் கண்மாயிலேயே நிறுத்துவது மேல் என்று பல ஊர் முடிவு செய்ததும் உண்டு. ஆனால் மடையை சிமெண்ட் வைத்து அடைத்தால், ஆபத்து நேரத்தில் மட்டத்தை இறக்க உங்களுக்கு வழியே இல்லை. இன்றைக்குக் கீழமடை ஊரில் மடை அடைபட்டிருந்தால் என்ன செய்வார்? மடை பாசனத்துக்கு மட்டும் வைத்ததில்லை.

ஆழப்படுத்துவது பற்றி. 60 ஏக்கரில் 1 அடி தோண்ட, 26 லட்சம் கன அடி மண் எடுக்க வேண்டும். டிப்பர் ஒன்றுக்கு 300 கன அடி என்றால் சுமார் 8,700 லோடு. அவ்வளவு தோண்டியும், மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஆடுமாடு குடிக்கும், ஊறும், மீதி வெயிலில் போகும். அந்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்குச் செலவழித்தால் கண்மாய் நிறைகிற வருடங்கள் கூடும். நான் பார்த்த கண்மாய்களில் பெரும்பாலானவை மண் மேடிட்டதால் வறண்டவை இல்லை. வரத்துக்காலை யாரோ உழுது பட்டாவோடு சேர்த்துக்கொண்டதால் வறண்டவை.

வண்டல் எடுப்பது வேறு. வயலுக்கு நல்லது, எடுக்கலாம். மேட்டுப் பக்கத்தில், பரவலாக, ஆழமில்லாமல் எடுக்க வேண்டும். ஆனால் எங்கும் நடப்பது என்ன? வண்டி வந்து போக வசதி என்று கரையடியை ஒட்டியே பள்ளம் போடுகிறார்கள். நூற்றாண்டுகளாகப் படிந்த வண்டல்தான் கண்மாய்ப் பக்கம் கரைக்கு மெழுகின தரை. அதைச் சுரண்டி, அடியில் மணல்பட்டை தெரிகிற அளவுக்குத் தோண்டிவிட்டு, அடுத்த மழையில் "ஏன் கசிகிறது?" என்று கேட்பார்கள். தம்பி, உங்கள் ஊரில் நடுமடைப் பக்கம் சமீபத்தில் மண் எடுத்தார்களா?

கீழமடை எழுதியது:

எடுத்தார்கள் ஐயா. இரண்டு கோடைக்கு முன்னால். பள்ளம் நடுமடைக்கு நேரே இருக்கிறது.

பாட்டில் தெளிவாகத்தான் இருக்கிறது. அடியில் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் பார்த்தேன். கரையில் நின்ற சீமைக்கருவேல் தூர்களை அதே கோடையில் ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். பிடுங்கின குழிகளில் காய்ந்த மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறது. கால் வைத்தால் பொதபொத என்று உள்ளே இறங்குகிறது. நண்டு வளையும் நிறைய.

ஓவர்சியர்68 எழுதியது:

நல்லது, தெளிவாக இருந்தால் மூச்சு விட நேரம் இருக்கிறது. மணல், ஜல்லி, கல் இன்றைக்கே கொண்டுவந்து கரையோரம் குவித்து வையுங்கள். ராத்திரி தேடி அலையக் கூடாது.

மடையைத் திறந்து மட்டத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், நாளுக்கு அரை அடிக்கு மேல் வேண்டாம். ஊறிய கரையை விட்டுத் தண்ணீர் திடீரென இறங்கினால், உள் சரிவு தன் ஈர எடையைத் தாங்காமல் சரிந்து விழும். அலை அரிக்காமல் இருக்க அலைகல் பதிக்காத கரை என்றால் இன்னும் மோசம்.

சீமைக்கருவேலை ஒழிக்க வேண்டியதுதான். ஆனால் கரையின் மேல் நிற்பதை வேரோடு பிடுங்கினால், குழியை அகலமாக வெட்டி, மண்ணை நனைத்து, அடுக்கடுக்காகக் கெட்டித்து நிரப்ப வேண்டும். அந்த வேலைக்குப் பில் எழுத யாருக்கும் பொறுமை இல்லை. கரை மேல் நிற்கும் பனையைத் தொடாதீர்கள்.

வன்னிக்கமம் எழுதியது:

வணக்கம். நான் வவுனியா. எங்கட பக்கம் சின்னக் குளங்கள்தான் வாழ்க்கை. துருசைத் (உங்கட மடை) திறக்கிறதும் வானைப் (உங்கட கலுங்கு) பார்க்கிறதும் கமக்காரர் அமைப்பின் பொறுப்பு. முந்தி விதானையார் பார்த்தார்.

இரண்டு விஷயம் சொல்லலாம் என்று நினைக்கிறன். குளக்கட்டின் மேலால் டிப்பர் ஓட விடாதேங்கோ. திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் பெரிய குளம், உங்கட கண்மாயோடு ஒப்பிட ஏலாது. ஆனாலும் அதுவும் மண்கட்டுத்தான். 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைத்தது, 120 பேருக்கு மேல் செத்தார்கள். கட்டின் மேலால் பாரமான வாகனங்கள் ஓடினது ஒரு முக்கிய காரணம் என்று பிறகு சொல்லப்பட்டது. குளக்கட்டை றோட்டாகப் பாவிக்கிற ஊர்கள் யோசிக்க வேணும்.

மற்றது, மடையா கிணறா என்ற சண்டைக்கு. எங்கட பக்கம் சிறுபோகத்துக்கு (மாரிப் போகம் முடிஞ்ச பிறகு வாற இரண்டாம் போகம்) தண்ணி காணாது என்றால், குளத்துக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் விதைக்கிற வழக்கம் இருக்கு. ஆனால் அந்த வயல்காரர் மட்டும் விதைக்கேலாது. கடைசி வயல்காரருக்கும் அதில் பங்கு பிரிச்சுக் குடுப்பார்கள், அந்தப் போகத்துக்கு மட்டும். பங்கு வீதத்தில் சண்டை வராமல் இல்லை. ஆனால் ஒருத்தரும் வெறுங்கையோடு இருக்கிறதில்லை.

மோட்டார்கொட்டகை எழுதியது:

இது நல்ல ஏற்பாடு. எங்கள் ஊரில் சொன்னால் என்னைத்தான் முதலில் அடிப்பார்கள்.

ஏரிக்கரைத்தெரு எழுதியது:

கலுங்குக் கேள்விக்கு யாரும் முழுப் பதில் சொல்லவில்லையே. 15 ஏக்கர் கூடுதல் விளைச்சல் என்றால் ஊர் விடுமா?

ஓவர்சியர்68 எழுதியது:

விடாது. அதனால்தான் அந்தக் கணக்குக்கு எதிர்க்கணக்கு போட்டுக் காட்ட வேண்டும்.

தம்பி, கலுங்கு மேல்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று அளந்து பாருங்கள். 4 அடி என்று வைப்போம். அதில் அலைக்கும், கரை அமுங்கிய இடத்துக்கும் 1 அடி விட்டால், வெள்ளம் கலுங்கின் மேல் 3 அடி உயரத்துக்குப் போகலாம். கலுங்கை 1 அடி ஏற்றினால் வெள்ளத்துக்கு மிச்சம் 2 அடி. மூன்றில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். அப்படி இல்லை. கலுங்கில் வழியும் தண்ணீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கில், அதாவது உயரத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கிய கணக்கில் போகும். 3 அடியில் 100 பங்கு போனால் 2 அடியில் 54 பங்குதான் போகும். ஏறத்தாழப் பாதிக் கலுங்கை அடைத்த மாதிரி. கரை உச்சி மேல் தண்ணீர் வழிந்தால் மண்கரை நிற்காது. அது கருங்கல் அணை இல்லை.

மேட்டுப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் வேறு வழக்குக்குப் போவார்கள். 1 அடி ஏறினால் சப்பையான நிலத்தில் நீர்ப்பரப்பு ரொம்ப தூரம் பின்னால் போகும்.

ஆனால் பழைய ஆட்களுக்கும் அந்த 1 அடி ஆசை இருந்தது. உங்கள் கலுங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கிறதா பாருங்கள். முழங்கால் உயரம், நடுவில் இடைவெளி விட்டு. அது அழகுக்கு நட்டது இல்லை. பெருமழை ஓய்ந்து, கார்த்திகைக் கடைசி, மார்கழி ஆனதும், அந்தக் கல்லுக்கு இடையில் புல் கட்டியும் களிமண்ணும் வைத்து அடைத்து, கடைசியாக வரும் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். எதிர்பாராமல் வெள்ளம் வந்தால் மண்வெட்டியால் ஒரு தட்டு, அல்லது வெள்ளமே தள்ளிக்கொண்டு போய்விடும். அதே 1 அடி, ஆனால் ஆபத்துக் காலத்தில் இருக்காது. சிமெண்ட் போட்டால் ஐப்பசியிலும் இருக்கும், அதுதான் வித்தியாசம்.

கீழமடை எழுதியது:

கல் இருக்கிறது ஐயா! 11 கல், 2 விழுந்து கிடக்கிறது. துணி துவைக்க நட்டது என்று நினைத்திருந்தோம்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

விழுந்ததை நட்டுவிட்டு அதைக் கூட்டத்தில் காட்டுங்கள். படம் எடுத்து எல்லார் போனுக்கும் அனுப்புங்கள். கணக்கைவிடக் கல் நன்றாகப் பேசும்.

கீழமடை எழுதியது:

நிலவரம் சொல்கிறேன். மேல் கண்மாய்க்குப் போய் வந்தோம். அங்கே கரை பரவாயில்லை, ஆனால் கலுங்கு வாயில் நாணல் காடு. அந்த ஊர்க்காரர்களும் எங்கள் ஆட்களும் சேர்ந்து வெட்டினார்கள். எங்கள் கசிவு மேல் மணலும் ஜல்லியும் போட்டாயிற்று. இப்போதும் ஓடுகிறது, தெளிவாக. குடம் நிறையும் நேரம் கூடியிருக்கிறது.

மடையைத் திறப்பதில்தான் சண்டை. மீன் குத்தகை எடுத்தவர், மட்டம் இறங்கினால் குஞ்சு வாய்க்காலில் போய்விடும் என்று ஷட்டர் சாவியைத் தர மறுத்தார். குத்தகைப் பணம் ஒன்றியத்துக்குப் போகிறது, கரை உடைந்தால் எங்கள் வயலில் விழும். கடைசியில் மடைவாயில் சன்னக் கண்ணி வலை கட்டிக் கொடுத்து, அரை அடி இறக்கியிருக்கிறோம். மனிதர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கலுங்கு முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. 15 ஏக்கர்க் கணக்குப் போட்டவர் சமாதானம் ஆகவில்லை.

ஓவர்சியர்68 எழுதியது:

போதும், இந்த வருடத்துக்கு இது தாங்கும். கோடையில் செய்ய வேண்டியதை இப்போதே ஒன்றியத்தில் எழுதிக் கொடுங்கள். நடுமடையின் குழாய்க் கட்டுமானத்தைச் சுற்றிப் பழைய சுண்ணாம்பு கரைந்து போயிருக்கும், அதன் வெளிச் சுவரை ஒட்டித்தான் தண்ணீர் வருகிறது என்று சந்தேகப்படுகிறேன். கரையை வெட்டித்தான் பார்க்க வேண்டும். வெட்டும்போது சுவர் மாதிரிச் செங்குத்தாக வெட்ட விடாதீர்கள், படி படியாகச் சரிவாக வெட்டட்டும். இல்லையென்றால் புது மண் பழைய மண்ணோடு ஒட்டாது. அரை அடி அடுக்கு, தண்ணீர் தெளிப்பு, ரோலர். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. கரிசல் மண்ணை வெளியே போடாதீர்கள், வெயிலில் வெடிக்கும். அது நடுவில் இருக்கட்டும், வெளியே சரளை. மண் எடுத்த பள்ளத்தையும் களி போட்டு மூடச் சொல்லுங்கள். ஆடிக்குள் முடியவில்லை என்றால் அந்த வருடம் வெட்டவே விடாதீர்கள். பாதி வெட்டிய கரையோடு ஐப்பசிக்குள் போவதைவிடக் கசியும் கரை மேல்.

ஏரிக்கரைத்தெரு எழுதியது:

ஐயா, மணல் ஜல்லி என்றீர்களே, எந்த அளவு ஜல்லி? எங்கள் ஏரியிலும் ஒரு இடம் சந்தேகமாக இருக்கிறது.

ஓவர்சியர்68 எழுதியது:

பருமணல் அரை அடி, அதன் மேல் 6 மி.மீ. சிப்ஸ் அரை அடி, அதன் மேல் 20 மி.மீ. ஜல்லி அரை அடி, கடைசியில் கையில் தூக்கும் அளவுக் கல். வரிசை மாறக் கூடாது. எம்-சாண்ட் என்றால் தூளைக் கழுவிவிட்டுப் போடுங்கள்.